பொருட்காட்சிசாலையில் வாசனை

இங்கிலாந்தின் யார்க் நகரில் 1984-இல் திறக்கப்பட்ட யோர்விக் வைக்கிங் நிலையத்தில், ஆயிரம் ஆண்டுகளுக்கு முந்திய தெருவினூடே சிறு வண்டியில் அமர்ந்து செல்வோருக்குக் கருகிய மரம், மீன்கடை, தார் பூசிய கயிறு, குப்பை ஆகியவற்றின் வாசனைகள் செயற்கையாகவே ஊட்டப்படுகின்றன; பல ஆண்டுகளுக்கு முன் அங்கு சென்று வந்தவர்களுக்கு அவற்றையே மறுபடி முகரக் கொடுத்தபோது, கண்டவற்றை அவர்கள் கூடுதலாக நினைவுகூர்ந்தனர் என்று 1999-இல் வெளியான ஓர் ஆராய்ச்சி தெரிவித்தது. ஆகவே, வாசனையை வீண் ஆடம்பரமென ஒதுக்குவோரின் அபிப்பிராயம் எனக்குச் சம்மதமன்று.

ஆயினும், பிடிக்காத சித்திரத்தினின்று முகத்தைத் திருப்பிக்கொள்ள முடிந்த மனிதனால், சுவாசத்தை அடக்கிக்கொண்டு மண்டபத்தைச் சுற்றிவர இயலாது. ஆஸ்துமாக்காரருக்கும் ஒற்றைத் தலைவலியால் வருந்துவோருக்கும் ஒரு துளி வாசனைத் திரவமே உபாதையாகலாம். இயற்கை எண்ணெயானால் தோஷமில்லை என்ற நம்பிக்கையும் ஆதாரமற்றது: ஆரஞ்சுத் தோலுக்கு மணம் தரும் லிமோனீன், காற்றிலுள்ள ஓசோனுடன் கலந்து பார்மால்டிஹைடை உண்டாக்கவல்லது.

அரும்பொருள்களுக்கும் ஆபத்துண்டு. காட்சிப் பேழைக்கான மரத்தையும் துணியையும் பரீட்சிக்க, பிரிட்டிஷ் மியூசியத்தின் ஆண்ட்ரூ ஆடி 1970-களில் வகுத்த முறைப்படி, அப்பொருளின் சிறு துண்டை வெள்ளி, செம்பு, ஈயத் தகடுகளோடும் சிறிது நீரோடும் கண்ணாடிக் குப்பியில் இறுக மூடி, 60 டிகிரி வெப்பத்தில் 28 நாள் வைத்திருப்பர்; ஈயத்தின்மேல் வெண்பொடி பூத்தாலோ வெள்ளி கறுத்தாலோ அது பேழைக்கு ஆகாது. மரத்துண்டுக்கே இத்தனை ஜாக்கிரதை என்றால், காற்றில் பரவுவதற்கென்றே தயாரிக்கப்பட்ட திரவத்தைச் சோதியாமல் மண்டபத்தில் விடுவது எங்ஙனம் நியாயமாகும்?

நெதர்லாந்தின் ஹேக் நகரிலுள்ள மாரிட்ஷுயிஸ் சித்திரசாலை 2021-இல் உத்தமமான ஒரு வழியைக் காட்டியது. 17-ஆம் நூற்றாண்டு ஆம்ஸ்டர்டாம் கால்வாயின் துர்நாற்றத்தை முகர விரும்பியவர் மிதிகட்டையைக் காலால் அழுத்தினார். விரும்பாதவர் ஓவியத்தை மட்டும் கண்டு அகன்றார். வாசனையை மண்டபம் முழுதும் பரப்பாமல், கேட்பவரின் நாசிக்கு மட்டும் அளிப்பதே எங்கும் விதியாக வேண்டும். ஒவ்வாமை தரக்கூடிய 80-க்கு மேற்பட்ட வாசனைப் பொருள்களை ஒப்பனைப் பண்டங்களின் உறையில் பெயர் சொல்லி அச்சிடுமாறு ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் விதித்திருக்கிறது. அதே விவரம் காட்சிசாலையின் வாயிற்பலகையிலும் இடம்பெறட்டும்.

பார்வையாளர் சிறிது நேரத்தில் வெளியேறிவிடுவார். காவலரோ நாள் முழுதும் அக்காற்றையே சுவாசிக்கிறார். கருவியை நிறுத்தும் அதிகாரத்தை முதலில் அவரிடம் ஒப்படைக்க வேண்டும்.