மில்வாக்கி அவென்யூவில் நகரும் போலந்து

சிகாகோ நகரின் தெருக்கள் பெரும்பாலும் நேர்கோட்டில் ஒன்றையொன்று வெட்டிக்கொள்பவை. அந்தக் கட்டங்களைக் குறுக்கே கிழித்துக்கொண்டு நகர மையத்திலிருந்து வடமேற்காக ஓடுகிறது மில்வாக்கி அவென்யூ. பழங்குடி மக்கள் நடந்த தடம் அது. கடந்த நூற்றைம்பது ஆண்டுகளாக அமெரிக்கப் போலந்துக்காரர்களின் வாழ்க்கை இந்தச் சாலையை ஒட்டியே இடம்பெயர்ந்து வந்திருக்கிறது. இங்குள்ள கடைகளையும் உணவையும் புரிந்துகொள்ள, இவை ஓரிடத்தில் நிலைத்து நின்ற குடியிருப்பின் சொத்து அல்ல என்பதை முதலில் ஏற்க வேண்டும்.

தொடக்கம் ஒரு தேவாலயம். 1867இல் உருவான புனித ஸ்தனிஸ்லாஸ் கோஸ்கா பங்கு, 1897 வாக்கில் ஏறத்தாழ 8,000 குடும்பங்கள், 40,000 பேர் என்று வளர்ந்து, அமெரிக்காவின் மிகப் பெரிய கத்தோலிக்கப் பங்காக இருந்தது. அப்போது உலக வரைபடத்தில் போலந்து என்றொரு நாடே இல்லை. 1772, 1793, 1795 ஆகிய ஆண்டுகளில் ரஷ்யா, பிரஷ்யா, ஆஸ்திரியா மூன்றும் அதைப் பங்குபோட்டு விழுங்கியிருந்தன. 1918 வரை அந்நிலை நீடித்தது. கப்பலேறி வந்தவரின் பயணத்தாளில் ஏதோ ஒரு பேரரசின் பெயர் இருந்தது. தாம் யார் என்பதைச் சொல்ல அவருக்குக் கிடைத்த இடங்கள் பங்குக் கோயில், பங்குப் பள்ளி, தாய்மொழிச் செய்தித்தாள், தாய்மொழியில் பேசும் கடை ஆகியவைதான். ஆகவே இறைச்சிக்கடை தொடக்கத்திலிருந்தே இறைச்சி விற்கும் இடமாக மட்டும் இருக்கவில்லை.

இந்த வாழ்க்கைக்கு முதுகெலும்பாக நின்றவை காப்பீட்டுச் சங்கங்கள். ஆலையிலோ இறைச்சிக்கூடத்திலோ வேலை செய்தவர் இறந்தால் அடக்கச் செலவுக்கும் விதவையின் பிழைப்புக்கும் வழி வேண்டியிருந்தது. சிறு சந்தா வாங்கி அதைத் தந்தவை 1873இல் பிறந்த போலந்து ரோமன் கத்தோலிக்க ஒன்றியமும் 1880இல் பிறந்த போலந்து தேசியக் கூட்டமைப்பும். அந்தச் சந்தாப் பணம் நாளேடும் நூலகமும் நடத்தியது. கூட்டமைப்பின் நாளேடான ‘ஜென்னிக் ஸ்வியோஸ்கோவி’ 1908இல் தொடங்கியது. ஒன்றியத்தின் கட்டடத்திலேயே 1935இல் நிறுவப்பட்டு 1937இல் திறக்கப்பட்ட அமெரிக்கப் போலந்து அருங்காட்சியகம் இன்றும் அதே சாலையில் இருக்கிறது. பியானோ மேதையும் போலந்தின் பிரதமருமாக இருந்த பதெரெவ்ஸ்கியின் உடைமைகளுக்கு அங்கே தனி அறை உண்டு. பண்பாட்டைக் காப்பது பற்றிப் பேசுவோர் இந்த வரலாற்றைக் கவனிக்க வேண்டும். அரசு மானியமோ பெருஞ்செல்வரின் கொடையோ அல்ல, தொழிலாளிகளின் சந்தாவே இதற்கு அடித்தளம்.

நகரம் அவர்களை எளிதில் ஏற்றுக்கொண்டுவிடவில்லை. 1933இல் க்ராஃபோர்ட் அவென்யூவுக்கு, அமெரிக்க விடுதலைப் போரில் உயிர்நீத்த போலந்துப் படைத்தலைவர் புலாஸ்கியின் பெயர் சூட்டப்பட்டபோது அந்தச் சாலையின் வணிகர்களே எதிர்த்து நின்றார்கள். வழக்கு 1952 வரை இழுத்தது. பெயர் நிலைத்தது. மார்ச் மாதத்தின் முதல் திங்கட்கிழமையை அதே புலாஸ்கியின் நினைவுநாளாக இல்லினாய் மாநிலம் 1977இல் சட்டமாக்கியது.

வருமானம் உயர உயர, குடும்பங்கள் சாலையோடு வடமேற்கே நகர்ந்தன. அவாண்டேல் பகுதியில் புனித ஹயசிந்த் கோயிலின் மூன்று கோபுரங்கள் எழுந்தன. 1894இல் தொடங்கிய அந்தப் பங்கின் இன்றைய ஆலயம் 1921இல் முடிந்தது. 2003இல் அது பசிலிக்கா ஆனது. ஹயசிந்தைப் போலிஷ் மொழியில் யாட்செக் என்பார்கள், அதனால் சுற்றுப்புறம் ‘யாட்ஸ்கோவோ’ ஆயிற்று. இரண்டாம் உலகப் போருக்குப் பின் வந்த அகதிகளும், 1981 டிசம்பரில் போலந்தில் இராணுவச் சட்டம் வந்தபின் வெளியேறிய சாலிடாரிட்டி தொழிற்சங்க இயக்கத் தலைமுறையும் இங்கே வந்து சேர்ந்தார்கள். சுற்றுலா விசாவில் வந்து தங்கிவிட்டவர்களும் நிறைய. ஆங்கிலம் ஒரு சொல்லும் தெரியாமலே அறை பிடிக்க, வேலை தேட, பல் பிடுங்க, ஊருக்குப் பார்சல் அனுப்ப இந்தத் தெருவில் முடிந்தது.

இந்தத் தெருவின் போலந்துக் கடையில் சரக்கு இரண்டு வழியில் வருகிறது. புட்டி, டப்பா, இனிப்பு எல்லாம் கப்பலில் வருபவை: ஊறிய வெள்ளரி, பிளம் பழக் களி, காட்டுக் காளான், வார்சாவின் வேடெல் நிறுவன சாக்லேட். இறைச்சியோ அப்படி எளிதில் வருவதில்லை. வெளிநாட்டு இறைச்சிக்கு அமெரிக்கக் கட்டுப்பாடுகள் கடுமை. ஆகவே தொத்திறைச்சியான கியெல்பாசா உள்ளூரிலேயே அரைத்து, அடைத்து, புகையூட்டப்பட வேண்டும். பூண்டும் மார்ஜோரம் இலையும் சேர்த்துப் புகையூட்டிய நாட்டுப்புற வகை, விரல் பருமனில் உலர்ந்த கபானோஸ், தடித்து நேராக இருக்கும் கிராகோவ் வகை, ஜூனிபர் காய் மணக்கும் வேட்டைக்காரர் வகை, புகையே படாத வெள்ளை வகை என்று ஒவ்வொன்றுக்கும் தனித்தனிக் கைப்பக்குவம். இந்தக் கைவேலைதான் கடையின் உயிர்; இறக்குமதிப் புட்டியை எந்தப் பேரங்காடியும் விற்றுவிடலாம்.

புளிப்பும் அப்படித்தான். மரபான போலந்து முறையில் வெள்ளரியும் முட்டைக்கோசும் வினிகரில் ஊறுவதில்லை. உப்புநீரில் தாமாகவே நொதிக்கின்றன. கோதுமைக்கு உறவான ரை தானியத்தின் மாவைச் சில நாள் புளிக்கவைத்த கரைசல்தான் ஜூரெக் சூப்புக்கு அடிப்படை. பிகோஸ் என்னும் குழம்பில் புளித்த முட்டைக்கோசும் பலவகை இறைச்சியும் மணிக்கணக்கில் வேகும். மறுநாள் சுடவைத்தால் ருசி கூடும். உருளைக்கிழங்கும் பாலாடைக்கட்டியும் வைத்த பியரோகி கொழுக்கட்டையை ஒத்தது. வெங்காயம் வதக்கி மேலே போடுவார்கள். குளிர்காலம் நீண்ட நாட்டில், விளைந்ததை வசந்தம்வரை காப்பாற்றப் பிறந்த சமையல் இது.

இவற்றோடு குழப்பிக்கொள்ளக் கூடாத ஒன்றும் சிகாகோவில் உண்டு. வெங்காயமும் கடுகுக் களியும் வைத்து பன்னில் தரும் ‘மேக்ஸ்வெல் தெரு போலிஷ்’, 1939இல் மாசிடோனியாவிலிருந்து வந்த ஒருவரின் கடையில் பிறந்ததாகச் சொல்லப்படும் அமெரிக்கத் தெருவுணவு. சுவையானது, ஆனால் வேறு மரபு.

அன்றாடப் பசி மட்டும் இந்தக் கடைகளை நிறுத்திவைத்ததில்லை. திருநாட்காட்டியே அவற்றை நிறுத்திவைத்தது. தவக்காலம் தொடங்குமுன் வீட்டிலுள்ள கொழுப்பையும் முட்டையையும் சர்க்கரையையும் தீர்க்கப் பொரிப்பது போன்ச்கி. உள்ளே ரோஜா இதழ் ஜாமோ பிளம் களியோ இருக்கும். போலந்தில் இதற்குரிய நாள் திருநீற்றுப் புதனுக்கு முந்தைய வியாழன். அமெரிக்காவில் பிறந்த தலைமுறைகள் அதை அந்தப் புதனுக்கு முதல் நாளான செவ்வாய்க்கு மாற்றிக்கொண்டன. சிகாகோவின் பேக்கரிகளில் இரண்டு நாளும் வரிசை நிற்கிறது. குடியேற்றத்தின் இரண்டு அடுக்குகளை இவ்வளவு தெளிவாகக் காட்டும் வேறு சான்று கிடைப்பது அரிது. புனித சனிக்கிழமை முட்டை, உப்பு, ரொட்டி, குதிரைமுள்ளங்கி, வெள்ளைத் தொத்திறைச்சி, வெண்ணெயில் செய்த ஆட்டுக்குட்டி எல்லாம் கூடையில் வைத்து மந்திரிப்புக்குக் கோயிலுக்குக் கொண்டுபோவார்கள். கிறிஸ்துமஸுக்கு முந்தைய இரவு, இறைச்சியில்லாத பன்னிரண்டு பதார்த்தங்கள். அதற்குமுன் ஒப்வாடெக் என்னும் மெல்லிய அப்பத்தை ஒருவருக்கொருவர் பிட்டுக்கொடுத்து வாழ்த்துவார்கள். வராத விருந்தாளிக்கு ஒரு தட்டு காலியாக இருக்கும். போலிஷ் பேசத் தெரியாத பேரப்பிள்ளைகள்கூட இந்த நாட்களில் கடைக்கு வருகிறார்கள்.

2004இல் போலந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் சேர்ந்தது. பிரிட்டனும் அயர்லாந்தும் ஸ்வீடனும் உடனே வேலைக்கதவைத் திறந்தன. அட்லாண்டிக்கைக் கடக்க வேண்டிய காரணம் இளைஞர்களுக்குக் குறைந்துபோயிற்று. மறுபுறம் அவாண்டேலில் லத்தீன் அமெரிக்கக் குடும்பங்கள் பெருகின, வாடகை ஏறியது, பெயர்பெற்ற போலந்து உணவகங்கள் மூடப்பட்டன. ஹயசிந்த் கோயிலில் இப்போது மும்மொழிகளில் திருப்பலி. இதை அழிவு என்று சொல்வது சரியல்ல. ஜெஃபர்சன் பார்க் பகுதியில் 1930இல் கட்டிய கேட்வே திரையரங்கைக் கோப்பர்நிக்கஸ் அறக்கட்டளை 1979இல் வாங்கிப் பண்பாட்டு மையமாக்கியது. வார்சா அரண்மனைக் கோபுரத்தை நினைவூட்டும் கோபுரம் அதன் மேல் நிற்கிறது. செப்டம்பர் தொடக்கத்துத் தொழிலாளர் தின விடுமுறையில் அங்கே உணவுத் திருவிழா. நைல்ஸ், நாரிட்ஜ் போன்ற புறநகர்களில் பெரிய போலந்து அங்காடிகள் இயங்குகின்றன. தென்மேற்கே ஆர்ச்சர் அவென்யூவில் போலந்து மலைநாட்டார் தங்கள் சங்கத்தையும் கம்பளி உடையையும் பாட்டையும் தனியே காக்கிறார்கள்.

இடம்பெயர்வில் இழக்கப்படுவது ஒன்று உண்டு: நடந்துபோய்ச் சேரும் தெரு. கோயில், பள்ளி, கடை, செய்தித்தாள், சங்கம் ஐந்தும் கூப்பிடு தொலைவில் இருந்ததால்தான் புதிதாக வந்தவர் ஒரே வாரத்தில் வேரூன்றினார். கார் இல்லாத முதியவருக்குப் புறநகர் அங்காடி பயன்படாது. நகர நிர்வாகம் பெயர்ப்பலகைகளையும் நினைவுச் சின்னங்களையும் காப்பதில் காட்டும் அக்கறையில் ஒரு பகுதியை வாடகைக் கட்டடத்தில் புகைக்கூடம் வைத்துத் தொழில் செய்யும் சிறு இறைச்சிக்கடைக்காரருக்கும் விடியுமுன் மாவு பிசையும் பேக்கரிக்கும் தர வேண்டும். குறைந்த வட்டிக் கடனும் நீண்டகாலக் குத்தகையும் அவர்களின் உடனடித் தேவைகள். தொழிலைக் கற்க முன்வருபவர் போலந்துக்காரராக இருக்க வேண்டிய அவசியமும் இல்லை.