விட்டுட்டா மட்டும் பொழைச்சுடுமா?

"நான் மீனைக் கொல்றதில்லைங்க, பிடிச்சு திரும்ப விட்டுடுவேன்." ட்ரவுட் மீனுக்கு ஃப்ளை தூண்டில் போடற மகானுபாவர்கள் அடிக்கடி விடற டயலாக் இது. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா சாமிகளா, விடறதுக்கு முன்னாடி அதைக் கையில தூக்கிப் பிடிச்சு, ஈன்னு இளிச்சு, "இன்னொண்ணு எடுடா, கண்ணை மூடிட்டேன்"னு நாலு போட்டோ எடுக்கறீங்களே, அதைப் பத்திதான் இன்னிக்கு சண்டை :)

முதல்ல விஷயம் புரியணும். தூண்டில்ல மாட்டின ட்ரவுட் சும்மா வர்றதில்ல. முழு மூச்சா போராடி, இருக்கற சக்தியெல்லாம் செலவழிச்சுட்டுதான் வருது. அதுக்கு ஆக்சிஜன் ரொம்ப அவசரமா வேணுங்கற நேரம் அது. தண்ணியை விட்டு வெளிய வந்ததும் செவுள் இழையெல்லாம் ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கும், மூச்சு விட முடியாது. ஒருத்தனை ஓட ஓட விரட்டிட்டு, நின்னதும் மூக்கையும் வாயையும் பொத்தற மாதிரி.

இது என் கற்பனை இல்ல. கனடாவுல ஃபெர்குசன், டஃப்ட்ஸ்னு ரெண்டு பேர் 1992ல வெளியிட்ட ஆய்வு இருக்கு. ரெயின்போ ட்ரவுட்டை ஓயற வரைக்கும் துரத்தினாங்க. அதோட விட்டதுல 12 மணி நேரம் கழிச்சு 88 சதவீதம் உயிரோட இருந்துச்சு. 30 விநாடி காத்துல வெச்சிருந்து விட்டதுல 62 சதவீதம். ஒரு நிமிஷம் வெச்சதுல வெறும் 28!

"அது லேப், ஏரி வேற"ன்னு சொல்வீங்க. ஒத்துக்கறேன். ஏரியில சீக்கிரம் இழுத்து, தண்ணிக்குள்ளயே வெச்சு விட்டா பெரும்பாலும் பொழைச்சுக்கும். நானும் அதைத்தானே சொல்றேன்! அந்த ஒரு நிமிஷத்தைச் சேர்க்கறது உங்க கேமராதான்.

"ஆனா என் மீன் நல்லா நீந்திப் போச்சே?" டெமோல ஓடின சாஃப்ட்வேர் ராத்திரி ப்ரொடக்‌ஷன்ல படுத்துக்கறதில்லையா? அதே கதைதான். நீந்திப் போன மீன் சில மணி நேரம் கழிச்சு அடியில போய்ச் சாகும். உங்க கண்ணுல படாது, அவ்ளோதான்.

கனோவுல போறவங்க மேல எனக்குக் கோபம் இன்னும் ஜாஸ்தி. ஒண்டாரியோவுல அல்கோன்குவின் பூங்கா மாதிரி இடத்துல, ஏரிக்கு ஏரி கனோவைத் தோள்ல தூக்கிட்டு நடந்து, நாள் பூரா துடுப்பு போட்டு வர்றாங்க. அங்க யாரும் கொண்டு வந்து விடாம தானாப் பெருகற புரூக் ட்ரவுட் பல ஏரிகள்ல இருக்கு. அத்தனை கஷ்டப்பட்டு வந்துட்டு, மீனை வெயில்ல காஞ்ச கனோவோட அடியில போட்டுத் துள்ள விடறாங்க. அதோட உடம்பு மேல இருக்கற வழவழப்புதான் கிருமி அண்டாம காக்கற கவசம். அது அங்கயே உரிஞ்சு போகுது.

இத்தனைக்கும் கனோதான் இதுக்கு வசதியான வண்டி. தண்ணி கைக்கு எட்டற உயரத்துல இருக்கு. முள்ளோட எதிர்ப்பல்லை முன்னாடியே இடுக்கியால நசுக்கி வெச்சுக்கோங்க. ரப்பர் வலையில மீனைத் தண்ணிக்குள்ளயே நிறுத்துங்க. கையை நனைச்சுட்டு முள்ளை எடுங்க. முடிஞ்சது வேலை. போட்டோ வேணும்னா மீன் தண்ணியில இருக்கறப்பவே எடுங்க, அழகாவே வரும்.

இன்னொண்ணு, ஒரு தெர்மாமீட்டர் வாங்குங்க. தண்ணி 20 டிகிரி செல்சியஸைத் தாண்டினா ட்ரவுட்டுக்கு அதுவே பெரிய பாரம், சூடான தண்ணியில ஆக்சிஜனும் கம்மி. அன்னிக்கு தூண்டிலைச் சுருட்டி வெச்சுட்டு சும்மா துடுப்பு போடுங்க.

என்னைக் கேட்டா, சட்டம் அனுமதிக்கற ரெண்டு மீனைப் பிடிச்சு, உடனே தலையில தட்டி, வறுத்துச் சாப்பிடறவன், கருணை வேஷம் போட்டு இருபது மீனை போட்டோ பிடிக்கறவனை விட யோக்கியன். அவன் என்ன செஞ்சான்னு அவனுக்காவது தெரியும்.

டிஸ்கி: "அப்புறம் ஊர்ல யாரு நம்புவா?"ன்னு கேக்கறவங்களுக்கு: போட்டோ காட்டினாலும் "மார்க்கெட்ல வாங்கினதுதானே"ன்னுதான் கேப்பாங்க. விடுங்க பாஸ் :)