நெஞ்சைத் திறக்கும் காலம் முடிந்துவிட்டதா?

"இதய வால்வு மாற்ற இனி நெஞ்சைத் திறக்கவே வேண்டாம்; தொடை வழியாகவே வைத்துவிடலாம்" என்ற பேச்சு இப்போது எங்கும் கேட்கிறது. இதில் பாதி உண்மை.

அந்தப் பாதியை முதலில் சொல்லிவிடுகிறேன். 2002 ஏப்ரலில் பிரான்சின் ருவான் நகரில், அறுவை நிபுணர்கள் கைவிட்ட 57 வயது நோயாளிக்கு இதய மருத்துவர் அலன் கிரிபியே கதீட்டர் (ரத்தக்குழாய் வழியே செலுத்தும் மெல்லிய குழாய்) மூலம் வால்வு பொருத்தினார். 2010இல் வெளியான 'பார்ட்னர்' ஆய்வில், அறுவையைத் தாங்க முடியாதவர்களிடையே வழக்கமான சிகிச்சையில் 50.7 சதவீதமாக இருந்த ஓராண்டு இறப்பு, கதீட்டர் வால்வு வைத்தவர்களிடம் 30.7ஆகக் குறைந்திருந்தது. இதை மறுப்பதற்கில்லை.

ஆனால் கதீட்டர் முறையில் பழைய வால்வை யாரும் வெளியே எடுப்பதில்லை. அதைச் சுவரோரம் நசுக்கித் தள்ளிவிட்டுப் புதியதை உள்ளே விரிக்கிறார்கள். அதனால் ஓரத்தில் ரத்தம் கசியலாம். இதயத்தின் மின்பாதை அழுந்தி, சிலருக்கு பேஸ்மேக்கரும் தேவைப்படலாம்.

ஆபத்து குறைந்தவர்களுக்கும் இதுவே மேல் என்று 2019இன் 'பார்ட்னர் 3' ஆய்வைக் காட்டுவார்கள். இறப்பு, பக்கவாதம், மறு அனுமதி மூன்றையும் சேர்த்தால் முதல் ஆண்டில் கதீட்டருக்கு 8.5 சதவீதம், அறுவைக்கு 15.1. ஐந்தாம் ஆண்டில் அந்த இடைவெளி புள்ளியியல் ரீதியாகப் பொருட்படுத்தத்தக்கதாக இல்லை. அதில் சேர்ந்தவர்களின் சராசரி வயதோ 73! நாற்பத்தைந்து வயதுக்காரருக்கு அந்தக் கணக்கு எப்படிப் பொருந்தும்? கதீட்டர் வால்வு விலங்குத் திசுவால் ஆனது, ஒருநாள் தேயும். அதற்குள் இன்னொன்றை வைத்தால் வழி குறுகும், இதயத் தமனிகளை எட்டுவதும் கடினமாகலாம். அறுவையில் வைக்கும் உலோக வால்வு பல்லாண்டு உழைக்கும், ஆயுள் முழுக்க ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை வேண்டும் என்பது அதன் விலை. 65 வயதுக்குக் கீழே அறுவையையே அமெரிக்காவின் 2020 வழிகாட்டுதல் பரிந்துரைக்கிறது.

நம் நாட்டில் இன்னொரு சங்கதி உண்டு. ருமாட்டிக் காய்ச்சலால் இங்கே பெரிதும் கெடுவது மிட்ரல் வால்வு. கதீட்டர் முறை வளர்ந்ததோ சுண்ணாம்பு படிந்து இறுகிய பெருந்தமனி வால்வுக்காக. அந்தச் சுண்ணாம்புதான் புதிய வால்வைப் பிடித்து நிறுத்துகிறது. மிட்ரல் சுருக்கத்தைச் சிலருக்கு பலூனால் விரிக்கலாம். மற்றவர்களில் பலருக்கு இன்றும் அறுவைதான். திருவனந்தபுரத்தில் உருவாகி 1990 முதல் அறுவையில் பொருத்தப்படும் சித்ரா என்ற செயற்கை வால்வுக்கு அதனால்தான் இன்னும் வேலை இருக்கிறது.

செலவைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை: கதீட்டர் வால்வு பல லட்சம்.

எண்பது வயதுப் பெரியவருக்குத் தாராளமாகக் கதீட்டரைக் கேளுங்கள். இளையவருக்கென்றால், கையெழுத்துப் போடுமுன் இதய மருத்துவரையும் அறுவை நிபுணரையும் ஒன்றாக உட்காரவைத்து, "இரண்டாவது வால்வு எப்போது, எப்படி?" என்று கேளுங்கள்.