மண்ணினுள் மறைந்த இரும்பு

போர் 2009ஆம் ஆண்டில் ஓய்ந்தது. அது விட்டுச்சென்ற இரும்பு வன்னி மண்ணினுள் இன்னும் கிடக்கின்றது. உழவு இயந்திரத்தின் கலப்பையில் எறிகணையொன்று தட்டுப்படுமோ என்ற அச்சத்துடன் வயலில் இறங்கும் கமக்காரனின் நிலையை, நகரங்களில் உத்தியோகம் பார்க்கும் நம்மவர் எண்ணிப்பார்த்தல் வேண்டும். புதைந்த இரும்பைக் காட்டும் காந்தமானியை நம் கல்லூரி மாணவரே செய்து பழகவேண்டும் என்பது நமது கருத்து.

அது எட்டாத வித்தையன்று. ஒரு போத்தல் மண்ணெண்ணெய்; அதனைச் சுற்றிச் செப்புக் கம்பிச் சுருள்; மின்கலம்; நுண்ணிய ஒலியைப் பெருக்கும் கருவி. இவ்வளவே. சுருளிற் சில செக்கன் மின்னோட்டத்தைச் செலுத்திச் சடுதியாக நிறுத்தினால், எண்ணெயிலுள்ள புரோத்தன்கள் பூமியின் காந்தப்புலத்தைச் சுற்றிப் பம்பரம்போலத் தலையசைக்கும். யாழ்ப்பாணத்தில் அப்புலம் ஏறத்தாழ 41,000 நனோதெசுலா. ஆகவே எழும் மீடிறன் செக்கனுக்கு 1,750 அளவினது. காதாற் கேட்கக்கூடிய ஒலி! அருகில் இரும்பு கிடந்தால் அவ்வொலி சிறிதே மாறும். 1958இல் ஒக்ஸ்போர்ட்டைச் சேர்ந்த மார்ட்டின் எயிற்கன் இத்தகைய கருவிகொண்டு ரோமர் காலச் சூளைகளை இங்கிலாந்தின் மண்ணிற் கண்டறிந்தார். நமது தீவு காந்த நடுக்கோட்டை அண்டியிருப்பதால் இங்கு புலம் ஏறக்குறையக் கிடையாகவே ஓடுகின்றது. சுருளை நிமிர்த்தி வைத்தல் நன்று. வடக்குத் தெற்காய்க் கிடத்தினால் ஒலி எழாது.

புதையல் திருடர் ஏமாறுவர்; பொன்னை இக்கருவி அறியாது. அதுவும் நல்லதே.

ஆயினும் ஒன்றை அழுத்திக் கூறுவோம். காந்தமானி கையிலிருந்தால் நம் காணியை நாமே துப்புரவாக்கலாம் என்று எவரேனும் எண்ணுவாராயின், அது தற்கொலைக்கு ஒப்பாகும். தூரம் இரட்டித்தால் இரும்பின் அறிகுறி எட்டிலொன்றாய்க் குன்றும். பெருங்குண்டையும் எறிகணையையும் காந்தமானி காட்டும். மிதிவெடிகளுட் பலவோ பிளாத்திக்கு உடலும் அற்ப இரும்பும் உடையவை. அவற்றின் மேல் அது ஊமையாகிவிடும். ஒலி மாறாத இடம் பாதுகாப்பான இடமன்று. மாறிய இடத்திலும் அடையாளமிட்டு விலகிக் கண்ணிவெடி அகற்றுவோருக்கு அறிவிப்பதே முறை, மண்வெட்டியைத் தொடலாகாது.

மிதிவெடித் தடை உடன்படிக்கையில் அரசு இணைந்தது 2017இல். இன்னும் சிவப்புப் பலகைக்கு அப்பால் தன் காணியைப் பார்த்து நிற்பவன் சினங்கொள்வதில் நியாயமுண்டு. அச்சினம் கச்சேரியிலும் பாராளுமன்றத்திலும் ஒலிக்கட்டும்.

மாணவர் கல்லூரி வளவிற் புதைந்த நீர்க்குழாயைத் தேடிப் பழகட்டும். நாளை துப்புரவு அணிகளிற் கருவியேந்தும் தகுதி அவர்களுக்கு வரும். உத்தியோகத்தரே, நீங்கள் பயின்ற கல்லூரிக்கு இவ்வாண்டு ஒரு சுருள் செப்புக் கம்பியேனும் வாங்கிக் கொடுங்கள்.