தள்ளிப்போகும் அலுவல்

தென் கொல்கத்தாவின் கரியாஹாட், நடைபாதைக் கடைகளுக்குப் பெயர்பெற்ற இடம். சேலை, கைப்பை, வளையல், பாத்திரம் என அங்குக் கிடைக்காத பொருள் அரிது. 1996 நவம்பர் 24 அன்று இரவு, 'ஆபரேஷன் சன்ஷைன்' என்னும் நடவடிக்கையின்போது அங்கிருந்த கடைகளும் அகற்றப்பட்டன. வணிகர்கள் நாளடைவில் திரும்பி வந்தனர். ஆயினும், அவர்களைக் காக்க நாடு முழுமைக்குமான சட்டம் அன்று இல்லை.

தெருவோர வணிகர்களின் வாழ்வாதாரத்தைக் காக்கும் சட்ட முன்வடிவு 2012 செப்டம்பர் 6 அன்று மக்களவையில் அறிமுகமாயிற்று. நிலைக்குழுவின் ஆய்வுக்குப்பின், 2013 செப்டம்பர் 6 அன்று அது அங்கு நிறைவேறியது. மாநிலங்களவையோ 2014 பிப்ரவரி 19 அன்றுதான் ஒப்புதல் அளித்தது. தெலங்கானா குறித்த அமளியால் அவை மீண்டும் மீண்டும் ஒத்திவைக்கப்பட்ட காலம் அது. இரண்டே நாளில் கூட்டத்தொடர் முடிந்தது. மே மாதம் மக்களவை கலைந்தது.

மக்களவை நிறைவேற்றிய முன்வடிவு மாநிலங்களவையில் நிலுவையில் இருக்கும்போது மக்களவை கலைந்தால், அம்முன்வடிவு காலாவதியாகிவிடும். இஃது அரசமைப்பின் 107ஆம் பிரிவு கூறும் விதி. எனவே அன்று ஒப்புதல் தவறியிருந்தால், புதிய மக்களவையில் முதலிலிருந்தே தொடங்க நேர்ந்திருக்கும். கணக்கெடுப்பு முடியும்வரை எவரையும் அகற்றலாகாது, அகற்றுவதற்குமுன் 30 நாள் அறிவிப்புத் தர வேண்டும் என்னும் பாதுகாப்புகள் இன்னும் தள்ளிப்போயிருக்கும்.

எந்த முன்வடிவுக்கு எவ்வளவு நேரம் என்பதை அலுவல் ஆய்வுக் குழு பரிந்துரைக்கிறது. அன்றாட அலுவல் பட்டியல் முன்கூட்டியே வெளியாகிறது. தேவை எழும்போது திருத்தப்படுகிறது. திருத்துவது தவறன்று. புயலோ பெருவிபத்தோ நேர்ந்தால், அதனை அவை பேசியே ஆக வேண்டும். இடமிழந்த அலுவல் மீண்டும் எந்நாளில் வரும் என்பது சொல்லப்படாமல் போவதே குறை. செல்வாக்கு உடையோரின் கோரிக்கை எவ்வாறேனும் பட்டியலில் ஏறிவிடும். எளியோரின் கோரிக்கை காத்துக் கிடக்கும். இறுதி நாள்களில் அவசரமாக நிறைவேறும் சட்டத்தைக் குறித்து விரிவாக விவாதிக்கவும் வாய்ப்பில்லை.

ஆகவே, ஓர் அலுவலைத் தள்ளிவைக்கும் திருத்தப் பட்டியல், அதற்குரிய மாற்று நாளையும் குறிப்பிட வேண்டும். அமளியால் இழந்த நேரத்தைக் கூடுதல் நேரம் அமர்ந்து ஈடுசெய்வது ஆளுங்கட்சி, எதிர்க்கட்சி இரண்டுக்கும் கடமையாதல் வேண்டும். பள்ளியில் ஒரு பாடவேளை தவறினால், ஆசிரியர் வேறொரு நாளில் அதனை நடத்தி முடிக்கிறார். மக்களின் வாழ்வைத் தீர்மானிக்கும் மன்றத்திடம் அந்த ஒழுங்கையேனும் எதிர்பார்ப்பது மிகையாகாது.