நிமிர்ந்து உட்கார்ந்தால் போதுமா?

நம் பிள்ளைகள் நேர்முகப் பரீட்சையில் தோற்பது தன்னம்பிக்கைக் குறைவால்தானாம். நிமிர்ந்து உட்காரவும் ஆங்கிலத்தில் பேசவும் பழக்கினால் போதுமாம். இதை ஏற்க முடியாது.

சீனக்குடாவின் பிறீமா மா ஆலைக்கு விண்ணப்பிக்கும் திருகோணமலைப் பிள்ளை முதலில் அந்த ஆலையை அறியட்டும். கப்பலில் வரும் கோதுமை எப்படி மாவாகிறது, தான் கற்ற கணக்கியலோ இரசாயனவியலோ அங்கே எதற்கு உதவும் என்று தெரிந்தவருக்குக் குரல் தானாக உறுதிப்படும். தெரியாதவரைக் கழுத்துப்பட்டி காப்பாற்றாது.

அரச வேலையா? இலங்கை அரசியலமைப்பின் 1987ஆம் ஆண்டு 13ஆவது திருத்தம் தமிழையும் அரசகரும மொழியாக்கியது. தமிழில் தெளிவாகப் பதிலளிப்பது உரிமை. பிள்ளைகள் ஆங்கிலமும் சிங்களமும் கற்கட்டும். தாய்மொழியில் சிந்திப்பதைக் குறையென்று சொல்லி அவர்கள் நம்பிக்கையை நாமே உடைக்க வேண்டாம்.

உடை, நடை வகுப்புகளைக் குறையுங்கள். தொழிலிடங்களைக் காட்டுங்கள், மாதிரி நேர்முகங்களை நடத்துங்கள்.