நீளத்தை அளந்தது போதும்

மாண்புமிகு ஒன்றிய நிதி அமைச்சர் திருமதி நிர்மலா சீதாராமன் அவர்களுக்கு,

மதுரையில் பிறந்து திருச்சியில் படித்தவர் நீங்கள். அதனால் தமிழிலேயே எழுதுகிறேன். ஜிஎஸ்டி மன்றத்தின் தலைவர் என்ற முறையில் உங்களிடம் கேட்க ஒரே ஒரு விஷயம் இருக்கிறது: பிளக்-இன் ஹைப்ரிட் காருக்கு நீங்கள் போடும் வரி.

தாம்பரத்தில் கார் வைத்திருப்பவருக்கு வருஷத்தில் இரண்டு வகை நாட்கள்தான். முதல் வகை வேலை நாள். சேலையூர், கேம்ப் ரோடு, மேடவாக்கம் வழியாகச் சோழிங்கநல்லூர். வண்டலூரில் திரும்பி கேளம்பாக்கம் சாலையில் சிறுசேரி. இல்லையென்றால் முடிச்சூர், படப்பை தாண்டி ஒரகடம். எங்கே போனாலும் போக வர சுமார் ஐம்பது கிலோமீட்டர்தான். பாதித் தூரம் முதல் கியரும் இரண்டாம் கியரும்தான். இரண்டாவது வகை, ஊருக்குப் போகும் நாள். தாம்பரம் பக்கம் குடியேறியவர்களில் தென்மாவட்டக்காரர்கள் நிறைய. பொங்கல், தீபாவளி, கோயில் கொடை என்றால் குடும்பத்தோடும் மூட்டை முடிச்சோடும் பரனூர் சுங்கச்சாவடியில் ஊர்ந்து, நெல்லைக்கு 600 கிலோமீட்டர் ஓட்ட வேண்டும்.

ரயிலில் போகக்கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். கடற்கரை - தாம்பரம் மின்சார ரயில் 1931-லிருந்து ஓடுகிறது. கிண்டிக்கோ எழும்பூருக்கோ போகிறவர் அதை விட்டுவிட்டுக் கார் எடுத்தால் அவரை நானே திட்டுவேன். ஆனால் தண்டவாளம் வடக்கு தெற்காகப் போகிறது. வேலை கிழக்கே ஓ.எம்.ஆரிலும் மேற்கே ஒரகடத்திலும் இருக்கிறது.

வேலை நாளுக்குப் பெட்ரோல் கார் வீண்செலவு, புகை வேறு. ஊர்ப் பயணத்துக்கு முழு மின்சாரக் கார் போதாதா என்றால், நாற்கர சாலையில் சார்ஜர்கள் வந்துவிட்டன என்பது உண்மை. ஆனால் பொங்கலுக்கு முந்தின ராத்திரி எல்லோரும் ஒன்றாகக் கிளம்பும்போது அவை தாங்குமா என்பதுதான் எங்கள் பயம். போதாக்குறைக்கு ஃப்ளாட் பிரச்சினை. தூணுக்கு நடுவே கார் நிறுத்தும் எங்கள் அடுக்ககங்களில் பெரிய சார்ஜர் பொருத்த வேண்டும் என்றால் அசோசியேஷன் கூட்டம் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடும். ஏசிக்குப் போடுகிற 15 ஆம்பியர் பிளக் பாயிண்டுக்கு யாரும் மறுப்பு சொல்வதில்லை. அதில் மணிக்கு மூன்று யூனிட் ஏறும். 45 யூனிட் பேட்டரி நிறையப் பதினைந்து மணி நேரம். 15 யூனிட் பேட்டரிக்கு ஐந்து மணி நேரம், அதாவது ஒரு தூக்கம்.

அந்த 15 யூனிட் பேட்டரியோடு வருவதுதான் பிளக்-இன் ஹைப்ரிட் கார். ஐம்பது, அறுபது கிலோமீட்டர் மின்சாரத்திலேயே ஓடும். தீர்ந்தால் பெட்ரோல் எஞ்சின் ஏற்றுக்கொள்ளும். 2024 ஜூலையில் வந்த வீட்டு மின்கட்டணத்தின் உச்சப் படி யூனிட்டுக்கு 11 ரூபாய் 80 காசு. அதை வைத்துக் கணக்குப் போட்டாலும் ஒரு நாள் ஓட்டத்துக்கு 177 ரூபாய். நெரிசலில் லிட்டருக்குப் பன்னிரண்டு கிலோமீட்டர் கொடுக்கும் கார், நூறு ரூபாயைத் தாண்டிய பெட்ரோலில், அதே தூரத்துக்கு நானூறுக்கு மேல் விழுங்கும். அமெரிக்காவில் 2010 டிசம்பரில் வந்த இதே ரக ஷெவர்லே வோல்ட் காரில் ஒரு வேடிக்கை உண்டு. மாதக்கணக்கில் பெட்ரோல் செலவாகாமல் கிடந்தால், அது பழசாகிவிடக்கூடாதே என்று வண்டியே எஞ்சினை ஓட்டித் தீர்த்துக்கொள்ளும்.

இங்கே ஹைப்ரிட் என்று விற்கிற கிராண்ட் விட்டாரா போன்றவை வேறு ரகம். அதன் பேட்டரி முக்கால் யூனிட். சுவரில் சொருக முடியாது, ஓட்டத்துக்கான சக்தி எல்லாம் கடைசியில் பெட்ரோலிலிருந்துதான் வருகிறது. சொருகக்கூடிய கார் வேண்டும் என்றால், 2022 டிசம்பரில் 2 கோடியே 60 லட்சத்துக்கு வந்த பிஎம்டபிள்யூ எக்ஸ்எம் மாதிரியானவைதான். நடுத்தரக் குடும்பம் வாங்கும் விலையில் ஒன்றுகூட இல்லை.

ஏன் இல்லை என்பதில் உங்கள் வரி அட்டவணைக்குப் பெரிய பங்கு உண்டு. 2025 செப்டம்பர் 3-ஆம் தேதி மன்றம் முடிவெடுத்து 22 முதல் அமலுக்கு வந்த விகிதப்படி, மின்சாரக் காருக்கு 5 சதவீதம். நாலு மீட்டருக்கு மிகாத நீளம், 1,200 சிசிக்கு மிகாத பெட்ரோல் எஞ்சின் என்றால், ஹைப்ரிட் ஆனாலும் இல்லாவிட்டாலும், 18. அதைத் தாண்டினால் 40. எஞ்சின், பெட்ரோல் டேங்க், பேட்டரி, மோட்டார், சார்ஜர், ஐந்து பேர், அவர்களுடைய மூட்டை எல்லாவற்றையும் நாலு மீட்டருக்குள் திணிப்பது சுலபமில்லை. ஆகவே வாரம் முழுக்க ஒரு சொட்டு எரிக்காமல் ஓடக்கூடிய காரும், எட்டு கிலோமீட்டருக்கு ஒரு லிட்டர் குடிக்கும் பெரிய வண்டியும் உங்கள் அட்டவணையில் ஒரே வரிசையில் நிற்கின்றன.

இந்த நாலு மீட்டர் கோட்டைப் போட்டவரும் ஒரு தமிழர்தான். 2006 பட்ஜெட்டில் ப. சிதம்பரம் சிறிய காருக்கு உற்பத்தி வரியை 24-லிருந்து 16 சதவீதமாகக் குறைத்தார். அதற்குப் பிறகு நடந்ததைப் பாருங்கள். 2008-இல் டாடா இண்டிகோவின் வால் நறுக்கப்பட்டது. 2012-இல் 4,160 மில்லிமீட்டர் இருந்த ஸ்விஃப்ட் டிசையர் 3,995 ஆனது. 440 லிட்டர் டிக்கி 316 லிட்டராகச் சுருங்கியது. ஊருக்குப் போய்விட்டு அரிசி மூட்டையோடு திரும்புகிறவர்களுக்கு அந்த 124 லிட்டரின் அருமை தெரியும். எந்தப் பொறியாளரும் விரும்பி அப்படி வரையவில்லை. வரிக்கோடு வரைந்த கார் அது. வேறு ஒரு கோடு போட்டால் வேறு ஒரு கார் வரும் என்பதற்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா?

நான் கேட்பது அந்த வேறு கோடுதான். நீளத்தையும் சிசியையும் அளப்பதோடு, பெட்ரோல் இல்லாமல் எத்தனை கிலோமீட்டர் ஓடும் என்பதையும் அளந்து வரி போடுங்கள். சோதனையில் அறுபது கிலோமீட்டர் ஓடினால் 18 சதவீதம். ஓடாவிட்டால் இப்போதுள்ள 40. சீனாவில் வரிச்சலுகைக்கு 43 கிலோமீட்டர் என்று இருந்த வரம்பை 2026 முதல் 100 ஆக்கிவிட்டார்கள். கோடீஸ்வரர் காருக்கும் சலுகை போய்ச் சேரும் என்று அதிகாரிகள் சொன்னால் விலை வரம்பு வையுங்கள். மின்சார வாகன மானியத்துக்கான ஃபேம்-2 திட்டத்தில் 15 லட்சம் என்று வைத்தவர்கள்தானே. எங்களுக்கு ஆகிற விலையில் இந்த ரகக் கார் இன்று விற்பனையிலேயே இல்லாததால், அதன்மேல் போட்ட 40 சதவீதம் கஜானாவுக்குக் கொண்டுவருவது பூஜ்யம்.

எதிர்த்தரப்பு வாதம் ஒன்று வலுவானது. அதை மறைக்கப் போவதில்லை. ஐரோப்பிய ஆணையம் 2024 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கைப்படி, இவ்வகைக் கார்கள் சாலையில் உமிழ்ந்த கரியமில வாயு ஆய்வகக் கணக்கைவிடச் சராசரியாக மூன்றரை மடங்கு. சலுகையை வாங்கிக்கொண்டு பலர் வண்டியைச் சொருகவே இல்லை. நம் ஆட்களும் அதைச் செய்வார்கள், சந்தேகமே வேண்டாம். அதற்கு வழி அங்கேயே இருக்கிறது: 2021 முதல் அங்கு வரும் புதுக் கார்கள் குடித்த பெட்ரோலைத் தாமே பதிவு செய்கின்றன. இங்கே புகைச் சான்றிதழ் எடுக்கும்போது அந்தக் கணக்கைப் படியுங்கள். பெட்ரோலிலேயே ஓட்டியவரிடம் விட்ட வரியைத் திரும்ப வசூலியுங்கள். எனக்கு ஆட்சேபம் இல்லை.

எங்கள் மழையையும் சொல்ல வேண்டும். 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் கொட்டியது. முடிச்சூர், வரதராஜபுரம் மூழ்கின. 2024 அக்டோபரில் எச்சரிக்கை வந்ததுமே வேளச்சேரி மேம்பாலத்தில் ஜனங்கள் கார்களை வரிசையாகக் கொண்டுபோய் நிறுத்தினார்கள். மூழ்கினால் எந்தக் காருக்கும் அதோகதிதான். மேட்டில் தப்பிய கார் பிறகு ஓட வேண்டுமே! வெள்ளக் காலத்தில் முன்னெச்சரிக்கையாக மின்சாரத்தை நிறுத்துவார்கள். திரும்பி வர நாட்கள் ஆகலாம். காரில் அரை டேங்க் பெட்ரோலும் இருந்தால் வயதான பெற்றோரை வேறிடம் கொண்டுபோய்ச் சேர்க்கலாம்.

உத்தரப் பிரதேசம் 2024 ஜூலையிலேயே இவ்வகைக் கார்களுக்குப் பதிவு வரியை விலக்கியது. இங்கே 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்கு 20 சதவீத சாலை வரி. அதை மாநில நிதி அமைச்சரிடம் தனியாகக் கேட்டுக்கொள்கிறோம். உங்களிடம் அவசரமாகக் கேட்பதற்குக் காரணம் உண்டு. ஃபோர்டு நிறுவனம் 3,250 கோடி ரூபாய் முதலீட்டில் மறைமலை நகர் ஆலையில் 2029 முதல் எஞ்சின் தயாரிக்க 2025 அக்டோபரில் ஒப்பந்தம் போட்டிருக்கிறது. ஒரகடத்திலும் இருங்காட்டுக்கோட்டையிலும் ஆலைகள் ஓடிக்கொண்டிருக்கின்றன. அடுத்து என்ன கார் செய்வது என்று அவர்கள் முடிவெடுப்பது உங்கள் அட்டவணையைப் பார்த்துத்தான். மன்றத்தின் அடுத்த கூட்டத்தில் இதை ஒரு பொருளாக எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கிழக்குத் தாம்பரத்தில் வசிக்கும் வரி செலுத்துபவர் ஒருவர்